வீதியும் விதியும்

வீதியில் ஒருவர் அடிபட்டு இறந்தால், செத்த வீட்டில் முதலிற் கேட்கும் சொல் ‘விதி’ என்பது. அடுத்துக் கேட்பது, ‘கொஞ்சம் கவனமாய்ப் போயிருக்கலாம்’ என்பது. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை. விதியாயின் கவனத்தால் ஆவதொன்றில்லை. கவனத்தால் தடுக்கக்கூடியதாயின் அது விதியன்று. ஆயினும் இரண்டின் பயனும் ஒன்றே. வீதியை அமைத்தவரையும், அதில் ஓடும் வேகத்தை அனுமதித்தவரையும் அவை கேள்வியிலிருந்து விடுவித்துவிடுகின்றன. இறந்தவன்மீதோ இறைவன்மீதோ பொறுப்பைச் சுமத்திவிட்டு நாம் வீடு திரும்புகிறோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்தக் கேள்வியைத் துவிச்சக்கரவண்டியிலிருந்து தொடங்குவதே பொருத்தம். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் அரிய பண்டமாயிற்று. மோட்டார் வாகனங்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. அந்த ஆண்டுகளில் இந்தச் சமுதாயத்தைச் சுமந்தது சைக்கிளே. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றதும், விறகையும் மரக்கறியையும் சந்தைக்கு இழுத்ததும், டைனமோவைச் சுழற்றி வானொலிக்கு உயிர் கொடுத்ததும் அதுவே. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, மக்கள் கால்நடையாகவும் சைக்கிளை உருட்டிக்கொண்டுமே சென்றனர். 2022இல் நாடெங்கும் எரிபொருள் வரிசைகள் நீண்டபோதும், மூலையிற் கிடந்த சைக்கிளைத் துடைத்து எடுத்தோம். இடர் வந்தால் அழைக்கிறோம். இடர் நீங்கினால் வீதியின் ஓரத்துக்குத் தள்ளுகிறோம்.

2009இல் போர் முடிந்த பின்னர் பலாலி வீதியும் காங்கேசன்துறை வீதியும் அகலமாக்கப்பட்டன; காபெற் இடப்பட்டன. குழியும் குண்டுமாய்க் கிடந்த பாதைகள் செப்பனிடப்பட்டதைக் குறைகூறுவார் எவருமிலர். கர்ப்பிணிப் பெண்ணை ஏற்றிய அம்புலன்ஸ் விரைந்து செல்ல முடிகிறதென்றால் அது நற்பேறே. ஆனால் வழவழப்பான வீதி வேகத்தையும் உடன் கொண்டுவருகிறது. அந்த வேகத்துக்கு ஈடாக நடப்பவனுக்கும் சைக்கிளில் வருபவனுக்கும் என்ன ஏற்பாடு செய்தோம்? திருநெல்வேலிச் சந்தைக்குக் கரியரில் சாக்குமூட்டை கட்டிவரும் தோட்டக்காரரைப் பாருங்கள். இடப்புறம் நிறுத்திவைத்த வாகனம். வலப்புறம் முந்திச்செல்லும் பஸ். இரண்டுக்கும் நடுவே எஞ்சும் ஒரு முழ அகலமே அவருக்குரிய வீதி.

‘எல்லோரும் கவனமாகச் செல்லுங்கள்’ என்ற அறிவுரை நடுநிலையானதுபோல் தோன்றும். ஆனால் வீதியில் எல்லோரும் சமமல்லர். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பௌதிகம். மணிக்கு 30 கிலோமீற்றரில் வரும் வாகனம் மோதினால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வர். 60இல் வந்தால் அந்த நம்பிக்கை வெகுவாகச் சுருங்கிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆண்டுதோறும் வீதிகளில் மாளும் ஏறத்தாழ 12 இலட்சம் பேரில் பாதிக்கு மேற்பட்டோர் பாதசாரிகளும் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுமே. சைக்கிளோட்டி தவறினால் பெரும்பாலும் தானே விழுகிறான்; லொறி ஓட்டுநர் தவறினால் இன்னொருவன் சாகிறான். ஆகவே, ஆபத்தை வீதிக்குக் கொண்டுவருபவனே அவதானத்தின் பெருஞ்சுமையையும் ஏற்க வேண்டும். ஆயுதம் ஏந்தியவனுக்கும் வெறுங்கையனுக்கும் ஒரே எச்சரிக்கை விடுப்பது நீதியாகாது.

சைக்கிளோட்டிகளிடம் பிழையில்லையா எனச் சிலர் கேட்பர். உண்டு. விளக்கின்றி இரவில் வருவோரும், கை காட்டாது திரும்புவோரும், சோடியாகப் பேசிச்செல்லும் மாணவரும் உளர். அவர்களைத் திருத்தவேண்டியதே. ஆனால் ஒரு கணக் கவனக்குறைவுக்கு மரணமா தண்டனை? மனிதன் தவறுவான் என்பதை ஒப்புக்கொண்டு, அத்தவறு உயிரைக் குடிக்காதபடி வீதியை அமைப்பதே அரசின் கடமை என்ற கொள்கையைச் சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் 1997இல் ஏற்றது. இன்று சைக்கிள் நாடெனப் புகழப்படும் நெதர்லாந்தும் அவ்வாறே பிறக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில், குழந்தைகள் வாகனங்களில் அடிபட்டு மாள்வதைப் பொறாத பெற்றோர் வீதியில் இறங்கிப் போராடினர், அரசுகள் பணிந்தன. அங்கே விதி மாறவில்லை, வீதி மாறியது.

நமது வழக்கு மோட்டார் சைக்கிளோட்டியோடோ, தவணைக் கடன் கழுத்தை நெரிக்க அடுத்த சவாரிக்கு விரையும் முச்சக்கரவண்டித் தொழிலாளியோடோ அன்று. வண்டியை விட்டிறங்கினால் அவரும் பாதசாரியே. வழக்கு, விரைவை முன்னேற்றமெனவும் நடையைப் பின்தங்கலெனவும் எண்ணும் மனப்பாங்கோடு. சைக்கிளுக்கும் வரி விதிக்கலாமென 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் சொல்கிறது. வரிக்குரிய வாகனமெனில் வழிக்குரிய வாகனமும் அதுவே அன்றோ?

இயலாத காரியம் எதையும் நாம் கேட்கவில்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவ காலத்தில், ஆண்டுதோறும் 25 நாட்கள், சுற்றியுள்ள வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படுகின்றன. மணல் பரப்பிய வீதியில் முதியோரும் குழந்தைகளும் அச்சமின்றி நடக்கின்றனர். நகரம் நின்றுவிடுவதில்லை, வாகனங்கள் சற்றுச் சுற்றிப் போகின்றன. பக்திக்காகச் செய்யக்கூடியதை உயிருக்காகச் செய்யலாகாதா? பள்ளிக்கூடம், சந்தை, வைத்தியசாலை ஆகியவற்றின் அயலிலேனும் 30 கிலோமீற்றர் எல்லை வேண்டும். மூடிய வடிகாலின்மேல் தடங்கலற்ற நடைபாதை வேண்டும். பெருவீதிகளில் சைக்கிளுக்கெனத் தனித்தடம் வேண்டும். இவற்றை மாநகர சபையிடமும் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் கேட்பது இரத்தலன்று, உரிமை.

அடுத்த முறை செத்த வீட்டில் ‘விதி’ என்ற சொல் எழும்போது, அங்கே வீதியின் அகலம் என்ன, வாகனம் வந்த வேகம் என்ன, நடப்பவனுக்கு இடமிருந்ததா என்று ஒருவரேனும் கேட்கட்டும். அக்கேள்வி துக்கத்தைக் குறைக்காது. ஆனால் இன்னொரு வீட்டுக்குத் துக்கம் போகாமல் அது தடுக்கக்கூடும்.