சித்தி முகமும் கரையும் நூலும்

"தம்பி, நீதான் படிக்கிற பிள்ளை. நூல் வெச்சு முகத்தைத் தூக்குறது நெசமாவே வேலை செய்யுமா?" சுங்கைப்பட்டாணியில் சித்தி கைப்பேசியை நீட்டினார். இரண்டு மாதத்தில் மகள் கல்யாணம். விலை 3,000 ரிங்கிட். பீடோங் பக்கம் தோட்டத்தில் இருபது வருஷம் பால்மரம் வெட்டி, காண்டா வாளி தூக்கிச் சேர்த்த காசு.

நான் படிப்பது மெக்கானிக்கல். இருந்தாலும் தேடிப் பார்த்தேன். பாலிடையாக்ஸனோன் என்பது அறுவை சிகிச்சையில் உள்தையல் போடும் நூல். அதிலுள்ள சின்ன முட்கள் தோலுக்கடியில் சதையைக் கவ்வி இழுக்கும். சுமார் ஆறு மாதத்தில் நூல் கரைந்துவிடும்; அதன் வலுவோ சில வாரங்களிலேயே பாதியாகிவிடும். கரையாத நூலும் தோற்றிருக்கிறது. 2009-இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், நூல் மட்டும் வைத்தவர்களுக்கு முதல் மாதம் தெரிந்த மாற்றம், சராசரி 21 மாதம் கழித்துப் பார்த்தபோது நிலைக்கவில்லை. நூல் உறுதிதான், கவ்விய சதை மெத்து. எங்கள் பாடத்தில் இதை 'கிரீப்' என்போம்.

ஆனால் செய்துகொண்ட சில நாளில் கேட்டால் பெரும்பாலோர் 'திருப்தி' என்கிறார்கள். இங்கேதான் எனக்குக் குழப்பம். பாலத்தில் நடப்பவனிடம் "திருப்தியா?" என்று கேட்டுப் பாலத்துக்குச் சான்றிதழ் தர முடியாது. காசு கொடுத்தவருக்கு ஏமாந்தேன் என்று சொல்ல மனசும் வராது. அப்படியென்றால் அந்தத் திருப்தி பொய்யா? முகம் பாலமில்லையே! மண்டபத்தில் மூன்று மணி நேரம் தலைநிமிர்ந்து நிற்க முடிந்தால் அதை எந்த அளவுகோலில் அளப்பது?

"உடம்பு அழியக்கூடியது" என்று உபதேசம் செய்ய வாய் வந்தது. காலையில்தான் என் படத்துக்கு பில்டர் போட்டு ஏற்றியிருந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னேன். சில மாதம்தான் நிற்கும். வீக்கம், கன்றிப்போதல், தோல் சுருங்கிக் குழி விழுதல் எல்லாம் வரலாம். அழகு நிலையத்தில் செய்யவே கூடாது; பொது மருத்துவராக இருந்தால் சுகாதார அமைச்சின் எல்.சி.பி. சான்று வேண்டும்.

"உங்க சித்தப்பா இருந்திருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பாரு. எனக்குத் தெரியும்டா. ஆனா கல்யாணப் படம் கரையாதுல்ல?"

என்னிடம் பதில் இல்லை. சனிக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறோம். சான்றைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் வேலை எனக்கு.