தோற்றது நாம், தேர்ந்தது அவர்கள்

பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த மீனவ ஊர்களுள் ஒன்றாகிய தோணிரேவின் பெயரை உச்சரிக்கும்போதே இரண்டு பாஷைகள் நாவில் வந்து சேர்ந்துவிடுகின்றன. தோணி நம்முடைய சொல். ரேவு என்பது படகு அணையும் துறைக்குத் தெலுங்கர் வழங்கும் பெயர். ஏரியின் பெரும்பகுதி ஆந்திர தேசத்திலும் எஞ்சிய பகுதி தமிழ்நாட்டிலும் கிடக்க, தண்ணீரில் எல்லைக்கல் நடுவது எவருக்கும் இயலாத காரியமாகையால், ஊரின் பெயரிலாவது இரு திறத்தாரும் ஒருங்கே அமர்ந்திருப்பது பொருத்தமே. அந்த ஊரின் கரையில், 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் தேதி மாலை, கவிழ்த்துப் போட்டிருந்த ஃபைபர் படகொன்றின் நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்த நான்கைந்து இளைஞர்கள் நிகழ்த்திய தர்க்கம், வேதாந்த விசாரத்தில் பயின்றவர்களும் எளிதில் விடுவிக்க இயலாத ஒரு முடிச்சை என் முன்னே போட்டுவிட்டது.

முந்தின நாள் இரவு சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி கொல்கத்தா அணியிடம் தோற்றிருந்தது. 20 ஓவரில் 9 விக்கெட்டுக்கு 103 ஓட்டம். அம்மைதானத்தில் அவ்வணி அதற்கு முன் அவ்வளவு குறைவாக எடுத்ததில்லை. எதிரணி அதை 10.1 ஓவரில் கடந்துவிட்டது. தொடர்ந்து ஐந்தாவது தோல்வி. தலைவர் ருதுராஜ் முழங்கையில் எலும்பு முறிந்து விலகிவிட, 43 வயதான தோனி மறுபடியும் தலைமை ஏற்ற முதல் ஆட்டமும் அதுவே.

"நாம தோத்துட்டோம்ணா, நம்ம கோட்டையிலயே தோத்துட்டோம்" என்றான் ஒருவன்.

"தோக்காம என்னா பண்ணுவோம்? ஏலத்துல அவங்க எடுத்த ஆளுங்க அப்படி" என்றான் மற்றவன்.

இரண்டு வாக்கியங்களையும் நான் பலமுறை மனத்துள் திருப்பிப் பார்த்திருக்கிறேன். தோற்றதற்கு எழுவாய் 'நாம்'; எடுத்ததற்கு எழுவாய் 'அவங்க'. பிற பாஷைகள் பலவற்றில் இல்லாத நுட்பமொன்று நம் மொழியில் உண்டு. கேட்பவனைப் புறத்தே நிறுத்திப் பேசுவது 'நாங்கள்'; அவனையும் அணைத்துக்கொள்வது 'நாம்'. அந்த இளைஞன் 'நாங்கள் தோற்றோம்' என்று சொல்லியிருந்தால், மட்டையைக் கையால் தொட்டறியாத நான் அனுதாபம் தெரிவித்துவிட்டு எழுந்து போயிருப்பேன். அவனோ, ஒரே சொல்லால் தன்னையும் என்னையும் ராஞ்சியிலே பிறந்த தோனியையும் ஆப்கானிஸ்தானத்து நூர் அகமதையும் சேர்த்துக் கட்டி, எல்லோரையும் அந்தத் தோல்விக்குள் இறக்கிவிட்டான். தேர்வு செய்த கைகளை மட்டும் கட்டுக்கு வெளியே விட்டுவிட்டான்.

கர்மத்தைச் செய்பவன் கர்த்தா என்றும், அதன் பலனை நுகர்பவன் போக்தா என்றும் நம் சாஸ்திரங்கள் பெயரிட்டு, இருவரும் ஒருவரே என்பதைத் தர்மத்தின் அஸ்திவாரமாக நாட்டியிருக்கின்றன. வினை ஜடமாகையால் தன்னைச் செய்தவனைத் தானே தேடிச் சென்றடைய மாட்டாது, ஆகவே அதை உரியவனிடம் கூட்டுவிக்க ஓர் இறைவன் வேண்டும் என்று சைவ சித்தாந்திகள் வாதிப்பார்கள். அவ்வாறாயின், ஜெட்டாவில் 2024 நவம்பரில் நடந்த ஏலத்தில் எவரோ உயர்த்திய கையின் பலன், கடல் கடந்து வந்து, தோணிரேவில் வலை பிரிப்பவனின் இரவுத் தூக்கத்தைக் கெடுப்பது எந்த நியதியைச் சார்ந்தது? இது வெறும் விளையாட்டு விஷயமன்று. இந்த ஏரிக்கரையார் பிறர் செய்ததன் பலனை நுகர்வதில் பழகிப்போனவர்கள். முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்தால் கடல்நீரும் இறால் குஞ்சும் உள்ளே வருவது நின்றுவிடுகிறது, பாடு குறைகிறது, தூர்வாரும் தீர்மானமோ எங்கேயோ ஓர் அறையில், இவர்கள் இல்லாமல், நிறைவேறுகிறது. அந்தத் துயரத்தை மேலெல்லாம் சுமப்பவன், மற்றொரு துயரத்தையும் வலியப்போய்த் தோளில் ஏற்றிக்கொள்வதுதான் விந்தை.

நம் பத்திரிகைகள் ஒரு காலத்தில் ரசிகனை 'அபிமானி' என்றே எழுதிவந்தன. அச்சொல்லின் பழம்பொருளை அறிந்தே அவ்வாறு எழுதினார்களோ, அல்லது வாக்கில் வந்தபடி எழுதினார்களோ, எவ்வாறாயினும் மிகச் சரியாக எழுதிவிட்டார்கள். நானல்லாத ஒன்றை நான் என்று பற்றுவதே அபிமானம். தேகம் இளைத்தால் 'நான் இளைத்தேன்' என்பதும், மஞ்சள் சட்டை அணிந்த பதினொருவர் தோற்றால் 'நாம் தோற்றோம்' என்பதும் ஒரே மயக்கத்தின் இரண்டு கிளைகள் என்று ஓர் அத்வைதி கூறி முடித்துவிடலாம். நான் அவ்வளவு விரைவாக முடித்துவிட மாட்டேன். அபிமானத்தைக் கண்டிப்பவர் அது உண்டாக்கும் அன்பையும் சேர்த்தே கண்டிக்க வேண்டியிருக்கும்; அதற்கு எனக்குத் துணிவில்லை.

மேலும், அவர்களுடைய தர்க்கம் வெறும் புலம்பலாகவும் இல்லை. அஸ்வினைத் திரும்பக் கொண்டுவர 9.75 கோடி தகுமா, நூர் அகமதுக்கு 10 கோடி என்பது மலிவா மிகையா, திரிபாதியும் ஹூடாவும் விஜய் சங்கரும் ஓய்ந்த குதிரைகளா, பதினேழு பதினெட்டு வயதுப் பையன்களை விட்டுவிட்டு ஏன் முப்பது கடந்தோரையே நாடினார்கள் என்று ஒவ்வொன்றையும், விடியற்காலையில் கரையில் நண்டு இறால் ஏலம் கூறும்போது காட்டும் அதே கூர்மையோடு, எடைபோட்டார்கள். ஏலம் அவர்களுக்குப் புதிதன்று. ஆனால் கரையில் ஏலம் போவது கண்முன் கிடக்கும் மீன். அதன் கண்ணையும் செவுளையும் பார்த்தே விலை சொல்லிவிடலாம். ஜெட்டாவில் ஏலம் போனது ஒருவனுடைய இனிவரும் நாட்கள். நேற்றைய ஓட்டக் கணக்கைப் பார்த்து நாளைய ஆட்டத்தை விலை பேசுகிறார்கள். தப்புவதற்கு எல்லா ஹேதுவும் அதிலே இருக்கிறது.

ஆளைத் தேர்வதன் அருமையை நம் முன்னோர் அறியாமலில்லை. வள்ளுவர் தெரிந்து தெளிதல் என்றும் தெரிந்து வினையாடல் என்றும் அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களை அதற்கென்றே ஒதுக்கினார். அவரே ஊழ் என்றோர் அதிகாரத்தையும், பின்னர் ஆள்வினையுடைமை என்றோர் அதிகாரத்தையும் இயற்றியிருப்பதால், சென்னை அணி நிர்வாகத்தைத் தாக்குவோரும் காப்போரும் ஒரே நூலைக் கையிலேந்தி வாதாடலாம். உத்தரமேரூரார் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள். பராந்தக சோழன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, வாரியத்துக்கு வருபவனுக்கு நிலமும் மனையும் கல்வியும் வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், கடந்த மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவன் ஆகாது, கணக்குக் காட்டாதவனும் அவன் சுற்றத்தாரும் ஆகவே ஆகாது என்றெல்லாம் சல்லடையிட்டுச் சலித்த பிறகு, எஞ்சியோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். (43 வயது தோனி அந்தச் சபையில் இளைஞராகவே எண்ணப்பட்டிருப்பார், மூன்றாண்டு விதியோ அவரை வாசலிலேயே நிறுத்தியிருக்கும்.) அறிவு போகக்கூடிய தூரம்வரை அறிவைக் கொண்டு சென்று, அதற்கப்பால் விதியிடம் ஒப்படைத்துவிட்ட அந்த விவேகத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஒப்படைத்துவிடும் அந்த வித்தை இந்த ஏரியிலும் உயிரோடிருக்கிறது. பாடு என்பார்கள். மீன் படும் இடங்களைத் தனித்தனிப் பாடுகளாக வகுத்து, வழிவழியாக உரிமை பெற்ற சில ஊர்களின் தலைக்கட்டுகள் தமக்குள் சீட்டுக் குலுக்கி, முறை வைத்துக்கொண்டு வலை கட்டுவார்கள். அந்த உரிமை இல்லாத ஊர்களும் உண்டு, அதனால் பூசல்களும் உண்டு, மறைப்பதற்கில்லை. ஆயினும் உள்ளேயிருப்பவனுக்கு அது தரும் சாந்தி அபூர்வமானது. நல்ல பாடு விழாதவன் அண்டை வீட்டானைப் பகைப்பதில்லை. சீட்டை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை. உழைப்பு, துன்பம், பங்கு, முறை ஆகிய யாவற்றுக்கும் பாடு என்ற ஒரே சொல்லை வைத்த நம் பாஷை, இந்த மனோபாவத்தை முன்கூட்டியே அறிந்திருந்தது போலும்.

அந்த இளைஞர்களிடம் ஒரு யோசனை கூறினேன்: ஆட்டக்காரர்களையும் சீட்டுக் குலுக்கியே எடுத்துவிட்டால் என்ன? சிரித்தார்கள். அவர்களில் இளையவன், "அப்புறம் யாரணா திட்டறது?" என்றான்.

நான் தேடிக்கொண்டிருந்த சூத்திரம் அவன் வாயிலிருந்து விளையாட்டாக விழுந்துவிட்டது. தேர்வு எங்கே உண்டோ அங்கே பழியும் உண்டு. பழி சுமத்த ஓர் இடமில்லாத துயரம் மனிதனால் தாங்கக்கூடியதன்று. அமெரிக்காவில் சிகாகோ நகரத்துக் கப்ஸ் என்னும் பேஸ்பால் அணி, 1908இல் வென்ற பட்டத்தை மறுபடி வெல்ல 2016 வரை, அதாவது நம் அர்ச்சனைக் கணக்கைப் போல 108 ஆண்டுகள், காத்திருந்தபோது, அதன் அபிமானிகள் நிர்வாகத்தை வைது அலுத்தபின், 1945இல் மைதானத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஓர் ஆட்டுக்கிடாயின் சாபமே காரணம் என்று சொல்லிவந்தார்கள். ஆட்டின்மேலாவது பழி இருக்கட்டும், வெற்றிடத்தின்மேல் இருக்கவேண்டாம் என்பதே அதன் தாத்பரியம்.

நம் சமய மரபில் இதற்கு மேலான ஸ்தானமே கொடுத்திருக்கிறார்கள். தோணிரேவிலிருந்து பொன்னேரி வழியாகச் சென்னைக்குப் போகிறவர் திருவொற்றியூரைக் கடக்காமல் போவது அரிது. அங்கே மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குப் பிரியேன் என்று சபதம் செய்து, பின்னர் அதை மீறி ஊரெல்லையைக் கடந்த சுந்தரர் கண்ணிழந்தார். வழியில் திருவெண்பாக்கத்தில், (பழைய தலம் பூண்டி நீர்த்தேக்கத்துள் மூழ்கியபடியால் கோயில் இப்போது இடம் மாறியிருக்கிறது) கண்ணுக்குப் பதிலாக ஓர் ஊன்றுகோலை ஈசன் கொடுக்க, அதைப் பெற்றுக்கொண்ட தோழர் நன்றி கூறவில்லை, முறையிட்டார், ஏசினார். சபதத்தை மீறியவர் அவரே. ஏசியவரும் அவரே. சேக்கிழார் முதலான பெரியோர் இதைக் குற்றமாக எண்ணாமல், அன்னியனாயிருந்தால் ஏசத் தோன்றுமோ என்று கண்டு, வன்தொண்டர் என்ற திருநாமத்தைப் போற்றினார்கள்.

சுந்தரர் தம் தவற்றை அறிந்தே ஏசினார். நம் அபிமானியோ தனக்கு அதில் பங்கே இல்லை என்று நினைத்து ஏசுகிறான். இங்கேதான் அவனோடு நான் மாறுபடுகிறேன். ஜடேஜா ஆட்டமிழந்து திரும்பும்போது, சொந்த மைதானத்திலேயே, அடுத்து வருவது தோனி என்பதற்காக ஆரவாரித்த கூட்டத்தைத் தொலைக்காட்சியில் யார்தான் காணவில்லை? அவர் இரண்டு சிக்ஸர் அடித்தால் போதும், ஆட்டம் எப்படிப் போனாலும் போகட்டும் என்று எத்தனை பேர் வாய்விட்டே சொன்னார்கள்! பெங்களூர் அணி 2008க்குப் பிறகு முதன்முறையாகச் சேப்பாக்கத்தில் வென்ற மார்ச் 28ஆம் தேதி, ஆட்டம் கைநழுவியபின் ஒன்பதாவதாக இறங்கி அவர் எடுத்த 30 ஓட்டத்துக்கு எழுந்த கோஷம் ஒரு வெற்றிக்கு உரியதாயிருந்தது. ஐந்தாண்டு சர்வதேச ஆட்டம் ஆடாதவரை அனுபவமற்ற புதியவராகக் கணக்கிடலாம் என்ற விதியின் கீழ் 4 கோடிக்கு அவரை வைத்துக்கொண்ட நிர்வாகம், யாருடைய இச்சையை நிறைவேற்றியது? வியாபாரிக்குக் கூட்டத்தின் காது நன்றாகக் கேட்கும். தேர்ந்தது 'அவங்க' என்பது வாஸ்தவம். தேரும்படி கூவியது 'நாம்'. கர்மபலன் விலாசம் தவறி வந்துவிட்டதாக நான் கொண்ட சந்தேகம், இதை எண்ணியபோது பெரும்பாலும் தெளிந்தது.

இதை அவர்களிடம் அன்று சொல்லவில்லை. தோற்ற மறுநாள் சொல்லத்தக்க விஷயமன்று. அணி அந்தப் பருவத்தில் 14 ஆட்டத்தில் நான்கையே வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடத்தில் நின்றது. நடுவில் சேர்க்கப்பட்ட ஆயுஷ் மாத்ரே, பிரெவிஸ் ஆகிய இளையவர்கள் நன்றாக ஆடியது ஆறுதலாகவும், 'முன்னாடியே எடுத்திருக்கலாமே' என்ற புதிய குற்றச்சாட்டாகவும் ஒருங்கே பயன்பட்டது.

நவம்பர் கடைசியில் மறுபடி போயிருந்தேன். மழையில் ஏரி நிறைந்திருந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு, 15ஆம் தேதி, ராஜஸ்தான் அணியோடு ஒரு பரிவர்த்தனை நடந்திருந்தது: சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார், பதிலாக ஜடேஜாவும் சாம் கரனும் அங்கே சென்றார்கள். 2023 இறுதியாட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்த அதே ஜடேஜா. ஒரே அறிவிப்பில் முடிந்த காரியம். படகிலிருந்து கூடையை இறக்கிக்கொண்டிருந்த அந்த இளையவன் என்னை அடையாளம் கண்டுகொண்டு, நான் கேட்பதற்கு முன்பே செய்தியைச் சொன்னான்:

"நாம சஞ்சுவ எடுத்துட்டோம்ணா."

பிறகு கூடையைக் கீழே வைத்து, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான்.

"ஜட்டுவத்தான் அவங்க குடுத்துட்டாங்க."