மேப்பிள் சிவக்கையில் மே மாதம்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் செப்டம்பர் கடைசியில் மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கும். அந்த நிறத்துக்காகவே அங்கே வந்து திருமணம் செய்துகொள்ளும் ஜோடிகள் உண்டு. கல்யாண அழைப்பிதழ்களைத் தனித்தனியாக வடிவமைத்துத் தருபவருக்கோ அந்தச் சிவப்பு பழைய சரக்கு. கோடை வெயிலிலேயே வரைந்து அச்சேற்றியாகிவிட்டது. திருமணத்துக்கு 6 முதல் 8 வாரம் முன்பே அழைப்பிதழ் தபாலில் போயாக வேண்டும். தேதியை மட்டும் சொல்லும் முன்னறிவிப்பு அட்டை அதற்கும் பல மாதம் முன்னால். ஆகவே ஜன்னலுக்கு வெளியே சருகு பறக்க, மேசையில் அவர் தீட்டுவது அடுத்த மே மாதத் திருமணத்துக்கான பியோனி மலரை.

அக்டோபரில் உயிரை வாங்கும் வேலை வேறு: விருந்து மேசையில் வைக்கும் பெயர் அட்டைகள். வருகிறேன் என்றவர் வரவில்லை, தனியாக என்றவர் துணையோடு வருகிறார் என்று முந்தின இரவுவரை பட்டியல் மாறும். (சொந்தக்காரர்கள் எந்த ஊரிலும் சொந்தக்காரர்கள்தான்.) பருத்திக் காகிதத்தில் லெட்டர்பிரஸ் அச்சில் அழுத்திய அழைப்பிதழை எல்லோரும் மெச்சுவார்கள். எனக்கென்னவோ, கடைசி நேரத்தில் கையால் எழுதிய அந்தச் சின்ன அட்டைதான் பெரிய வேலையாகத் தெரிகிறது. விருந்துக் கூடாரத்துக்குள் நுழைகிறவர் தேடுவது மணமக்கள் பெயரையா? தன் பெயரைத்தானே!