அழகம்மாள் மூட்டிய அடுப்பு

திருவண்ணாமலையில் இன்று ரமணாசிரமம் இருக்கும் இடத்தில் முதலில் எழுந்தது ஒரு தாயின் சமாதி. 1922 மே 19 அன்று இரவு, மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் அழகம்மாள் காலமானார். மலையடிவாரத்தில் பாலி தீர்த்தத்தை ஒட்டி அவரை அடக்கம் செய்தார்கள். மகன் ரமணர் மலையிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போவார். அந்த டிசம்பரில் வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார். சமாதிமேல் வேய்ந்த கீற்றுக் கொட்டகையைச் சுற்றித்தான் மற்றதெல்லாம் வளர்ந்தது.

ரமணரைப் பெற்றவர் என்றும், மகனால் முக்தி அடைந்தவர் என்றும் அழகம்மாளைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டிலும் பெருமை மகனுக்கே போய்விடுகிறது. அந்த அம்மா தாமாகச் செய்தது என்ன என்று நாம் கேட்பதில்லை.

1892இல் கணவர் சுந்தரமய்யர் இறந்தார். மூன்று ஆண் பிள்ளைகள், ஒரு பெண். 1896 ஆகஸ்டில், பின்னாளில் ரமணர் ஆன பதினாறு வயது வேங்கடராமன் மதுரையில் வீட்டைவிட்டுப் போனான். இருக்கும் இடம் தெரியவே இரண்டு ஆண்டுகள் ஆயின. 1898 டிசம்பரில் மூத்த மகனுடன் திருவண்ணாமலைப் பவழக்குன்றுக்கு வந்த தாய், சடைபிடித்த தலையும் அழுக்கேறிய உடம்புமாகப் பிள்ளை உட்கார்ந்திருப்பதைக் கண்டார். நாள்தோறும் பலகாரம் செய்து எடுத்துவந்து கெஞ்சினார், அழுதார். அவன் வாய் திறக்கவில்லை. பக்கத்திலிருந்த ஒருவர் மனம் பொறுக்காமல் சொன்ன பிறகு, நடக்கவேண்டியதுதான் நடக்கும் என்ற பொருளில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். தாய் வெறுங்கையோடு ஊர் திரும்பினார். இரண்டு ஆண்டுகளில் மூத்த மகனும் இறந்துபோனான்.

1916இல் அழகம்மாள், மகன் அன்பர்களோடு இருந்த மலைக்கே வந்து தங்கிவிட்டார். அதுவரை அங்கே முறையாகச் சமையல் கிடையாது. அன்பர்கள் ஊருக்குள் போய் வாங்கிவரும் பிட்சையைத்தான் எல்லாரும் பகிர்ந்து உண்டார்கள். அடுப்பை மூட்டியவர் இந்த அம்மா. ஆசாரம் மிகுந்தவர், மடி, தீட்டு என்று எதையும் விடமாட்டார். வெங்காயமும் முருங்கைக்காயும் மோட்சத்துக்குப் பெரிய தடையாயிற்றே என்று மகன் சீண்டுவார். வந்தவர்களோடெல்லாம் பேசுவார், அம்மா கேட்டால் பதில் வராது. பெண்கள் எல்லாரும் எனக்கு அம்மாதான் என்பார். பெற்ற வயிறு இதைக் கேட்டு எப்படித் துடித்திருக்கும்! அத்தனையையும் பொறுத்துக்கொண்டு, வயதான காலத்தில் தம் பழக்கங்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். மகனைக் கூட்டிப்போக ஒரு காலத்தில் வந்தவர், மகன் இருந்த குகையையும் மலையையுமே தம் வீடாக்கிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது இதுதான்.

கடைசி நாளில் மகன் ஒரு கையைத் தாயின் நெஞ்சிலும் மறு கையைத் தலையிலும் வைத்து, உயிர் பிரியும்வரை அருகிலேயே இருந்தார். பிறகு எழுந்து, தீட்டில்லை, சாப்பிடலாம் என்றார். அம்மா மூட்டிய அடுப்பு அணையவில்லை. பின்னாளில் ரமணரே விடியுமுன் எழுந்து காய் நறுக்கினார், சட்டினி அரைத்தார். ஒரு பருக்கையும் வீணாகக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார். ஆசிரமத்தில் மதியச் சாப்பாட்டுக்கு முன் ஏழைகளுக்குச் சோறு போடும் வழக்கம் இன்றும் நடக்கிறது. சமாதிமேல் மாத்ருபூதேஸ்வரர் கற்கோயில் எழுந்து குடமுழுக்கு நடக்க 1949 மார்ச் வரை ஆயிற்று. இருபத்தேழு ஆண்டுகள். அடுப்பு அதற்காகக் காத்திருக்கவில்லை.

நம் வீடுகளில் நடப்பது வேறு. அம்மா போனதும் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ். பதினாறாம் நாள் விருந்து. கூடத்தில் மாலையும் சின்ன மின்விளக்குமாகப் பெரிய படம். வருடத்துக்கு ஒரு திதி. இவற்றில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அம்மா பார்த்துக்கொண்டிருந்த மனிதர்கள் என்ன ஆனார்கள்? ஒண்டியாக இருக்கும் சித்திக்குச் சாயங்காலம் போன் பண்ணியவர் அவர்தான். கீரைக்காரம்மாவுக்குக் காலையில் டீ கொடுத்தவரும் அவர்தான். அம்மா போன அந்த ஒரே நாளில் எல்லாம் நின்றுபோகிறது. “அக்கா இருந்தவரைக்கும் வந்துபோக ஒரு வீடு இருந்தது” என்று உறவுக்காரர்கள் சொல்வதைக் கேட்காத குடும்பம் இல்லை.

என் அம்மா விட்டுப்போனவற்றில் ஒரு மொய் நோட்டு இருந்தது. அட்டை கிழிந்து, நூல்போட்டுத் தைத்தது. யார் வீட்டுச் சடங்கு, யார் வீட்டுக் காதுகுத்து, ஐம்பத்தொன்றா நூற்றொன்றா, குத்துவிளக்கா எவர்சில்வர் குடமா, எல்லாம் அவர் கையெழுத்தில். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி: “பால்காரம்மா மகனுக்குப் பரீட்சைப் பணம். திருப்பிக் கேக்க வேண்டாம்.” எங்களில் யாருக்கும் அது தெரியாது. அந்த நோட்டைப் பார்த்து இப்போது அண்ணன் அதிலுள்ள வீடுகளின் விசேஷங்களுக்கெல்லாம் போய்வருகிறார். போகும்போது அம்மா பெயரில்தான் மொய் எழுதுகிறார்.

தியாகத்தின் உருவம், தெய்வம் என்றெல்லாம் அம்மாவைச் சொல்லிவிடுவது நமக்கு வசதி. தெய்வமாக்கிவிட்டால் கும்பிட்டால் போதும். அவர் ஒரு மனுஷி, நாலு பேருக்கு வாக்குக் கொடுத்தவர், சிலருக்குக் கடன்பட்டவர், சிலரைத் தாங்கியவர் என்று நினைத்தால் நம் தலையில் வேலை விழுகிறது. அந்த வேலைக்குப் பயந்துதான் நம்மில் பலர் படத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அண்மையில் அம்மாவை இழந்தவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். தலைத்திவசம் வரை காத்திருக்காதீர்கள். அம்மாவின் போனை எடுங்கள். அவர் அடிக்கடி பேசிய எண்களுக்கு நீங்கள் ஒருமுறை பேசுங்கள். யாருக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தார், யாருடைய சண்டையைத் தீர்த்துவைக்கப் போனார், யாருக்கு என்ன சொல்லியிருந்தார் என்று கேளுங்கள். எல்லாவற்றையும் உங்களால் செய்ய முடியாது. முடிந்த ஒன்றை இந்த மாதமே எடுத்துச் செய்யுங்கள்.