ஒரு ரெஜிமென்ட் செய்த சத்தியம்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) வடக்கின் தரப்பில் நின்ற 54ஆம் மாசசூசெட்ஸ் காலாட்படை ரெஜிமென்டின் வரலாறு, 1863 ஜூலை 18 அன்று தென் கரோலினாவின் வாக்னர் கோட்டைமீது அது தொடுத்த தாக்குதலை நடுவாக வைத்தே பெரும்பாலும் எழுதப்படுகிறது. ஏறத்தாழ 600 பேர் பாய்ந்த அத்தாக்குதலில், மாண்டோர், காயமுற்றோர், காணாமற்போனோர் என 270 பேருக்குக் குறையாமல் இழப்பு நேர்ந்தது. கர்னல் ராபர்ட் கோல்ட் ஷாவும் அங்கேயே வீழ்ந்தார். அவர்களது வீரத்தில் எவருக்கும் ஐயமில்லை. ஆதலால் அறநெறி ஆராய்ச்சிக்கு அங்கே அதிக வேலையும் இல்லை. அடுத்த ஆண்டு சம்பளப் பட்டியலை ஒட்டி அதே ரெஜிமென்ட் செய்த ஒரு சத்தியமே எடைபோடக் கடினமானது.

ரெஜிமென்ட் என்பது ஒரு கர்னலின்கீழ்ப் பத்துக் கம்பெனிகளாக, ஏறத்தாழ ஆயிரம் பேரைத் திரட்டி அமைக்கும் படைப்பிரிவு. 54ஆவதன் கட்டளை அதிகாரிகள் வெள்ளையர், சிப்பாய்களோ கறுப்பினத்தவர். இவர்களிற் பெரும்பாலோர் வடக்கில் சுதந்திரமாக வாழ்ந்தவர்கள். சிலர் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர்கள். மற்றச் சிப்பாய்களைப் போல மாதம் 13 டாலர் என்ற வாக்கின்பேரில்தான் இவர்கள் சேர்க்கப்பட்டனர். ஆனால் போர்த்துறை, மண்வெட்டவும் சுமைதூக்கவும் அமர்த்தப்படும் கறுப்பினத் தொழிலாளரைப் பெரிதும் மனத்திற்கொண்டு 1862இல் இயற்றப்பட்ட சட்டமொன்றைக் காட்டி, 10 டாலர்தான், அதிலும் உடைக்காக 3 டாலர் பிடிக்கப்படும் என்றது. எஞ்சிய 7 டாலரை ரெஜிமென்ட் வாங்க மறுத்தது. குறைகிற தொகையைத் தானே ஈடுசெய்வதாக மாசசூசெட்ஸ் மாநிலம் முன்வந்தபோதும் அது இசையவில்லை. கேட்டது பணத்தை மட்டுமன்று என்பதால் மறுப்பு நியாயமானதே. எனினும் ஓராண்டுக்கு மேல் நீண்ட அந்த மறுப்பின் விலையில் ஒரு பகுதியை, முடிவில் பங்கில்லாத மனைவி மக்கள் ஊரில் பட்டினியாகச் செலுத்தினர் என்பதை மறந்துவிட்டு அதைப் போற்றுவது எளிது.

1864 ஜூன் 15 அன்று நாடாளுமன்றம் சம ஊதியம் வழங்கியது. ஆனால் அதனுள் ஒரு பிளவை வைத்தது. 1861 ஏப்ரல் 19 அன்று சுதந்திரராயிருந்தவருக்குப் படையிற் சேர்ந்த நாள்முதல் நிலுவை கிடைக்கும். மற்றவர்க்கு 1864 ஜனவரி 1 முதல் மட்டுமே. ஒரே கூடாரத்தில் உறங்கி ஒரே குண்டுமழையில் நின்ற இருவரை இது இரண்டாகப் பிரித்தது. ஷாவுக்குப்பின் ரெஜிமென்டை நடத்திய கர்னல் எட்வர்ட் ஹாலோவெல் ஒரு சத்தியவாசகத்தை வகுத்தார்: 1861 ஏப்ரல் 19 அன்றோ அதற்கு முன்போ எவருக்கும் கூலியற்ற உழைப்பைத் தாம் கடன்பட்டிருக்கவில்லை என்று ஒவ்வொருவரும் ஆணையிட வேண்டும். அடிமைத்தனத்தையும் போரையும் எதிர்த்த கிறித்தவப் பிரிவாரான குவேக்கர்களின் குடும்பத்தில் அவர் பிறந்தவராதலால் அது ‘குவேக்கர் சத்தியம்’ எனப்பட்டது. (சத்தியம் செய்வதையே விலக்கிவைத்தவர்கள் குவேக்கர்கள்.) முன்பு அடிமைகளாயிருந்தோரும் அதைச் செய்து முழு நிலுவை பெற்றனர்.

இது பொய்ச்சத்தியமா? கேட்கும் அலுவலர் ஒன்றைப் புரிந்துகொள்ள, சொல்பவர் வேறொன்றைக் கருதும் இரட்டுற மொழிதல் என்று குற்றம் சாட்டலாம். ஆனால் அடிமையின் உழைப்பு எசமானுக்குரிய கடன் என்று ஒப்புக்கொள்பவருக்கு மட்டுமே அந்த வாக்கியம் பொய்யாகும். கடனென்று ஒன்று இருந்ததே இல்லை எனக் கருதியவர், சொற்களின் நேர்ப்பொருளிலேயே உண்மை பேசினார். நன்மை பயக்கும் பொய்யை மெய்யின் இடத்தில் வைக்கும் குறளின் விலக்குக்கூட இவருக்குத் தேவைப்படவில்லை.

சத்தியத்தின் குறை வேறிடத்தில் இருக்கிறது. வடக்கில் திரண்ட ஒரு ரெஜிமென்டுக்கு அது கதவைத் திறந்தது. போர்க்காலத்தில்தான் விடுதலை பெற்றவர்கள் என எல்லாரும் அறிந்த மனிதரைக்கொண்டு தென் கரோலினாவில் அமைக்கப்பட்ட ரெஜிமென்டுகளுக்கு அது உதவவில்லை. அவற்றுள் ஒன்றைச் சேர்ந்த சார்ஜண்ட் வில்லியம் வாக்கர், 1863 நவம்பரில், ஊதிய அநீதியைக் கண்டித்துத் தம் கம்பெனியினரைக் கர்னலின் கூடாரத்தின்முன் துப்பாக்கிகளை அடுக்கிவைக்கச் செய்தார். கலகக் குற்றத்துக்காக 1864 பிப்ரவரி 29 அன்று அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். 54ஆவது ஊதியத்தை மறுத்தது, அவர் பணியை மறுத்தார் என்று படைச்சட்டம் வேறுபடுத்தும். போர்முனையில் அந்த வேறுபாட்டைத் தள்ளிவிட முடியாது. ஆயினும், ஒப்பந்தத்தை முதலில் முறித்த தரப்பே அதை முறித்ததாக மற்றவரைத் தண்டித்ததற்கு அந்த வேறுபாடு நியாயம் கற்பிக்காது.

1865 மார்ச் 3 அன்று இயற்றப்பட்ட சட்டம், சம ஊதியம் தருவதாக உறுதிகூறித் திரட்டப்பட்ட ரெஜிமென்டுகளுக்கு, சிப்பாயின் முந்தைய நிலை பாராமல், சேர்ந்த நாள்முதல் நிலுவை வழங்கியது. ஹாலோவெலின் வாசகம் சிப்பாய் என்னவாயிருந்தார் என்ற கேள்விக்குச் சாதுரியமான விடை. இச்சட்டமோ அக்கேள்வியைக் கைவிட்டு, அரசு என்ன வாக்களித்தது என்பதை மட்டும் கேட்டது.