நான் மட்டும் ஏன்?

2001 ஜனவரி 26, குடியரசு தினக் காலை. குஜராத் மாநிலத்தின் அஞ்சார் நகரில், குறுகிய தெரு ஒன்றில் பள்ளி மாணவர்கள் ஊர்வலமாகச் சென்றுகொண்டிருந்தார்கள். 8.46 மணிக்கு நிலம் அதிர்ந்தது. இருபுறக் கட்டிடங்களும் சரிந்து அவர்கள்மீது விழுந்தன. மறைந்த 185 மாணவர்களுக்கும் 20 ஆசிரியர்களுக்கும் 2022-இல் அங்கே நினைவகம் திறக்கப்பட்டது.

இத்தகைய பேரழிவில் பிழைத்த இளம் உள்ளத்தை ஒரு கேள்வி விடாமல் வருத்தும்: 'நண்பன் போய்விட்டான், நான் மட்டும் ஏன் இருக்கிறேன்?'

'எல்லாம் அவரவர் வினைப்பயன்' என்று நாம் எளிதில் கூறிவிடுகிறோம். வினைக்கொள்கை நம் வாழ்வை நாமே திருத்திக்கொள்ள வழங்கப்பட்டது. அது பிறர் துயரை அளக்கும் கோலன்று. மாண்டவன் பாவியும் அல்லன். பிழைத்தவன் புண்ணியசாலியும் அல்லன்.

ஆகவே, அன்பர்களே, அவனுக்கு விளக்கம் கூறாதீர்கள். அருகில் அமருங்கள், அவன் அழட்டும். உரிய காலம் வரும்போது, தாகித்தவருக்கு ஒரு குவளை நீர் தருவது போன்ற சிறு பணியை அவனிடம் ஒப்படையுங்கள். 'ஏன் பிழைத்தேன்?' என்ற கேள்விக்குச் சொல்லில் விடையில்லை. 'யாருக்கு உதவுவேன்?' என்று அது மாறும் நாளில் அவன் மீண்டும் வாழத் தொடங்குகிறான். அந்த நாள்வரை அவனோடு இருப்பதே நாம் இறைவனுக்குச் செய்யும் வழிபாடு.