'ஆகவே' என்ற சொல்

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது மனுவில், தான் ஏன் மருத்துவனாக விரும்புகிறான் என்பதை ஒருவன் 5,300 எழுத்துகளுக்குள் எழுதித் தரவேண்டும். சொற்களுக்கு நடுவில் விடும் இடைவெளியும் இந்தக் கணக்கில் சேரும். அங்கே மருத்துவம் பட்டப்படிப்புக்குப் பிறகு வருவது. வேறு தொழிலில் பத்து வருஷம் இருந்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்குக் கேள்வி இரண்டாகிவிடுகிறது: இது ஏன் வேண்டும், அதை ஏன் விட்டாய்?

இதை ஒரு இலக்கிய வகையாகவே பார்க்கத் தோன்றுகிறது எனக்கு. பாவமன்னிப்பின் ஜாடை இருக்கிறது; ஆனால் பாவமன்னிப்பில் ஒருவன் தன் குறையைக் குறையாகவே வைத்துவிட்டு வரலாம். இதில் குறையும் கடைசிப் பத்திக்குள் தகுதியாக மாறியாக வேண்டும்.

என் சித்தி பெண், அங்கே மென்பொருள் வேலையில் பதினோரு வருஷம் இருந்தவள், இப்படி ஒன்றை எழுதி எனக்கு அனுப்பியிருந்தாள். (பி.ஏ. இங்கிலீஷ் படித்தவன் கமாவையாவது சரியாகப் போடுவான் என்று நம் குடும்பங்களில் இன்னும் ஒரு நம்பிக்கை.) சித்தப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்தொன்பது நாள் கிடந்தது, நள்ளிரவில் ஒரு நர்ஸ் அவர் தலையணையைத் திருப்பி வைத்தது எல்லாம் அதில் இருக்கிறது. எல்லாம் உண்மை. அந்த வராந்தாவில் நானும் இருந்தேன். பிறகு ஒரு பத்தி தொடங்குகிறது: ஆகவே மருத்துவத்தைத் தேர்ந்தேன். சித்தப்பா போய் ஏழு வருஷம் கழித்துத்தான் அவள் வேலையை விட்டாள். இதைப் போனில் கேட்டேன். "தெரியலைண்ணா. ஒருநாள் காலம்பற எழுந்தப்போ இது வேணும்னு இருந்தது. அப்படி எழுதினா யாரு சீட் குடுப்பா?" என்றாள்.

தகவல் எதிலும் பொய் இல்லை. பொய் இருந்தால் அது 'ஆகவே'யில் இருக்கிறது. ஏழு வருஷத்தை அந்த ஒரு சொல் விழுங்கிவிட்டது.

நான் உட்காரும் கவுண்டரில் நகைக்கடன் மனுவிலும் 'நோக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. வாங்கும் பணம் உரத்துக்கும் போகும், பையனின் காலேஜ் கட்டணத்துக்கும் போகும். வாங்குகிறவருக்கே அந்த நிமிஷத்தில் பிரித்துச் சொல்ல வராது. கட்டம் ஒரு சொல்தான் கொள்ளும். 'பயிர்ச்செலவு' என்கிறார். இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கட்டத்தில் எழுதியதை அவர் வீட்டுக்குப் போய் நம்புவதில்லை, அது முக்கியம். தங்கை விஷயம் அப்படியில்லை. ஏழெட்டுத் தடவை திருத்தி எழுதி, பிறகு நேர்முகத்தில் அதையே வாயால் சொல்கிறவள், அதை நம்பத் தொடங்கிவிடுவாள். காரணம் தெரியாமல் ஒன்றை விரும்பிய அந்தக் காலை அவளிடமிருந்தே போய்விடும்.

எதிர்த்திசையில் போனவர்களை யாரும் கேட்டதில்லை. கீட்ஸ் 1816-ல் மருத்துவத் தொழிலுக்கு உரிமம் பெற்றுவிட்டுக் கவிதைக்கு வந்தார். மாம் 1897-ல் மருத்துவத் தகுதி பெற்று, தொழில் செய்யாமல் எழுதப் போனார். இலக்கியத்துக்குள் நுழைய மனுவே கிடையாது. (அதனால்தான் இவ்வளவு கூட்டம் என்பார் ஒரு நண்பர்.)

ஷ்வைட்சர் 1905-ல், முப்பது வயதில், ஸ்ட்ராஸ்பர்க்கில் மருத்துவம் படிக்கப் போனார். அதற்குள் அவர் இறையியல் ஆசிரியர், பிரசங்கி, பாக் பற்றிப் புத்தகம் எழுதியவர். அன்றைய டீன் தன்னை மனநோய்ப் பிரிவு சகாவிடம் ஒப்படைக்கவே விரும்பியிருப்பார் என்று அவரே பின்னால் எழுதியிருக்கிறார். அவர் சொன்ன காரணங்களில் எனக்குப் பிடித்தது ஒன்று: வருஷக்கணக்காகச் சொற்களில் தன்னைச் செலவழித்தாயிற்று, இனிப் பேசாமல் ஒரு வேலை செய்யவேண்டும். சொல்லிலிருந்து வெளியேற நினைப்பவனிடம் 5,300 எழுத்து கேட்டால் அவன் என்ன செய்வான்? இருபத்தொரு வயதிலேயே எடுத்த தீர்மானம் என்று அவரும் சுயசரிதையில் ஒரு நேர்கோடு போட்டுக் காட்டத்தான் செய்கிறார். அது 1931-ல், லாம்பரேனேவுக்கு முதலில் போய்ப் பதினெட்டு வருஷம் கழித்து. செய்தவன் கோடு போடலாம். செய்யப் போகிறவனிடம் கோட்டைக் கேட்பது வேறு.

நம் நீட் தேர்வில் 180 கேள்வி, 720 மார்க். 'ஏன்' மட்டும் இல்லை. 2022-ல் உச்ச வயது வரம்பையும் எடுத்துவிட்டார்கள். மனிதனின் நோக்கத்தைத் தொடாமல் விடும் இந்த முறையில் ஒருவித மரியாதை இருப்பதாகப் படுகிறது. யாரும் யோசித்துத் தந்த மரியாதை அல்ல, அலட்சியத்தின் உபவிளைவு. இங்கே பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவனுக்கு அனுகூலம், அங்கே சொல் வசதியுள்ளவனுக்கு.

ஆனாலும் நாளை என் உடம்பில் கை வைக்கப் போகிறவனை யாராவது 'ஏன்' என்று கேட்டிருக்கட்டும் என்றுதான் நானும் விரும்புவேன். கேட்பவர்கள் 'தெரியவில்லை' என்ற பதிலையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்வார்களா என்பதே என் சந்தேகம். அந்தத் தொழிலுக்கே அது வேண்டியிருக்கிறது. பதினெட்டாம் நாள், தேறி வந்தவர் ஏன் திடீரென்று இப்படி ஆனார் என்று சித்தி கேட்டாள். வயதில் சின்ன டாக்டர். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "எனக்குத் தெரியலைம்மா" என்றார். அந்த வராந்தாவில் அன்று வரை எங்களுக்குச் சொல்லப்பட்டவற்றில் நாங்கள் முழுசாக நம்பியது அந்த ஒன்றைத்தான். தங்கையின் கட்டுரையில் நர்ஸ் வருகிறாள். அந்த டாக்டர் இல்லை.